எவ்வளவு இறங்கணும்?

எதிர்வீட்டு டெனிஸ் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காலோடு திரும்பி வந்தார்.

போகும்போது இரண்டு கால் இருந்தது. தன் வீட்டு மாடியில் நின்று ஜெரூஷா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து அவரை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். வேட்டியின் ஒரு பக்கம் வெறுமையாக ஆடியது.

"மாமாவுக்கு என்னாச்சும்மா?"

"சுகர்," என்றாள் அம்மா சாராள். ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த ஒற்றை வார்த்தை பத்து வயது ஜெரூஷாவின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மாதம் அவளுடைய அப்பா சத்தியநாதன் ஒரு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். "சாரா, எனக்கும் சுகர் வந்திருக்கு," என்றார். ஏதோ தபால் வந்ததுபோலச் சொன்னார். சிரிக்கவும் செய்தார்.

ஜெரூஷா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இனிப்பைத் தொடக்கூடாது. இன்னொன்று, மாத்திரை போட்டுவிட்டால் சாப்பாட்டைத் தள்ளிப் போடக்கூடாது. ஜெரூஷாவும் கூடப் போயிருந்தாள். முதல் விஷயம் மட்டும்தான் அவள் காதில் ஏறியது. இரண்டாவதைச் சொல்லும்போது அவள் மறுபடி அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிச்சூரில் இருந்த அவர்கள் வீட்டுச் சமையலறை தலைகீழாக மாறியது. பாலிஷ் போட்ட வெள்ளை அரிசி போய் கைக்குத்தல் அரிசி வந்தது. மைதா போய் கம்பும் வரகும் வந்தன. அம்மா வேலை செய்துகொண்டே போனில் உணவு பற்றிய பேச்சு கேட்பாள். அதில் ஒரு மீசைக்காரர் அடிக்கடி சொல்வார்: "வெள்ளைச் சர்க்கரை ஒரு விஷம்! வெள்ளை விஷம்!"

பெரியவர்கள் இப்படிப் பேசினால் அதில் பாதி சும்மா என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஜெரூஷாவுக்குத் தெரியாது. விஷம் என்றால் விஷம்தான். சாப்பிட்டால் செத்துப்போவார்கள்.

வகுப்பில் அபிகாயில் பிறந்தநாள் கேக் கொண்டுவந்தபோது, "சாப்பிடாதே, செத்துடுவே," என்றாள் ஜெரூஷா.

அபிகாயில் அழுதாள். அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் அழுதார்கள். ஒருவன் மட்டும், "அப்ப உன் பங்கையும் நான் தின்னுக்கிறேன்," என்று வாங்கிப்போனான். அவன் சாகவில்லை. ஆனாலும் ஜெரூஷா கேக்கைத் தொட்ட கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

புதுச் சாப்பாடு அப்பாவுக்கு ஒத்துப்போனது. தொப்பை கரைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல் பாட்டு வந்தது. ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும் எண் குறைந்தது.

"இறங்கிடுச்சு!" என்று அப்பா காகிதத்தை ஆட்டுவார். அம்மா கை தட்டுவாள். தம்பி காரணம் தெரியாமலே குதிப்பான்.

"இன்னும் இறங்கணும்," என்பாள் ஜெரூஷா.

"போதும்டா. எங்க டாக்டரே இவ்வளவு கண்டிப்பு இல்ல."

"இன்னும் இறங்கணும்பா."

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவிலில் தாய்மாமா வீடு. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் அம்மா தம்பியோடு முன்னால் கிளம்பினாள். ஜெரூஷா அப்பாவோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. போகும்போது அம்மா அவள் தோளைப் பிடித்து, "அப்பா கண்டதையும் சாப்பிடாம பாத்துக்கோ," என்றாள்.

அம்மா சொன்னது கேக்கையும் முறுக்கையும். ஜெரூஷாவுக்கு 'சாப்பிடாம' மட்டும் பெரிதாகக் கேட்டது.

கிளம்புகிற அன்று மதியம் அப்பா தட்டில் கம்பு ரொட்டியும் கீரையும் இருந்தன. ஜெரூஷா ஒரு ரொட்டியைத் திருப்பி எடுத்து வைத்தாள்.

"ஏய், அது என்னோடது."

"ஒண்ணு போதும்பா. சீக்கிரம் இறங்கும்."

"நான் இறங்குறதுக்கு முன்னாடி பசியில பறந்துடுவேன் போல," என்றார் அப்பா. ஆனாலும் விட்டுக்கொடுத்தார். மகள் அவர் கால்களையே பார்ப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தாங்குவதைவிடப் பசியைத் தாங்குவது சுலபம் என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் கிளம்பும் அவசரத்தில் ராத்திரி மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டார். "பஸ்ஸில ஏறினதும் சாப்பிட்டுக்கலாம். அடையை எங்க வச்சே?"

"பெரிய பையில, துணிக்கு அடியில."

"ஏன் அவ்வளவு கீழ?"

"மேல வச்சா நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்துடுவீங்க."

கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் திறப்பதற்கு முந்தைய வருஷம் அது. தெற்கே போகிற சனம் பாதி பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்றுதான் பஸ் ஏறும். பண்டிகை நேரத்தில் அந்த இடத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. பையின் மேல் பை, பையின் மேல் குழந்தை, குழந்தையின் கையில் பலூன். சாலையில் வண்டிகள் நகரவில்லை. ஹாரன் மட்டும் நகர்ந்தது. சாலையோரமாக மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு பள்ளம் தோண்டி, மூடாமல் விட்டிருந்தார்கள். லேசாகத் தூறியது.

"பஸ் இதோ வந்துகிட்டே இருக்காம்," என்றார் அப்பா போனைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். இருட்டிக்கொண்டு வந்தது.

"ஜெரூ, பசிக்குதுடா. ஒரு அடை எடேன்."

"பையை இங்க எப்படிப்பா பிரிக்கிறது? எல்லாம் நனைஞ்சிடும். பஸ்தான் இதோ வரப்போகுதே."

"சரி, ஒரு டீயாவது குடிக்கிறேன்."

பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி டீக்கடை. கடைக்காரர் பெயர் பாட்சா. அப்பா வாயைத் திறப்பதற்குள் ஜெரூஷா முந்திக்கொண்டாள்.

"அண்ணா, சக்கரை இல்லாம ஒரு டீ."

"கம்மியா போடவா பாப்பா?"

"கம்மி இல்ல. இல்லவே இல்லாம."

பாட்சா அப்பாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "இன்னா சார், வூட்லேர்ந்தே போலீஸ் இட்டுகினு வந்துகிறீங்க?"

வழக்கமாக இதற்கு அப்பா ஒரு பதில் வைத்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீயை வாங்கினார். இரண்டு மடக்கு குடித்தார். பிறகு தம்ளர் அவர் கையில் ஆட ஆரம்பித்தது. டீ விரலில் வழிந்தது. சூடாக இருந்திருக்கும். அவர் கவனிக்கவில்லை.

"அப்பா, டீ கொட்டுது."

அவர் அவளைப் பார்த்தார். அவள் யார் என்று யோசிப்பவர்போலப் பார்த்தார்.

தூறலில் எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சட்டை மட்டும் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அப்பா, என்ன பண்ணுது?"

"சும்மா இரு சாரா," என்று கத்தினார்.

அவர் அவளிடம் கத்தியதே இல்லை. அவள் பெயர் சாராவும் இல்லை.

பிறகு ஒரு பஸ்ஸைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அது திருவண்ணாமலை போகிற பஸ். ஜெரூஷா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டடி வைத்ததும் அவர் கால் பின்னியது. அப்படியே பெரிய பையின்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். நாக்குக் குழற எதையோ சொன்னார். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

பயம் வந்தால் மூளை வேலை செய்யாது என்பார்கள். அப்படியில்லை. வேலை செய்யும், ஆனால் தப்பாக. ஜெரூஷாவின் மூளை ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது: சுகர் ஏறிவிட்டது. யாரோ அப்பாவுக்கு விஷம் கொடுத்துவிட்டார்கள்.

அவள் டீக்கடைக்கு ஓடினாள்.

"டீயில சக்கரை போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்கண்ணா!"

"ஏய், அல்லாமேல ஆணையா போடல! நீயே பாத்துகினுதானே நின்னே?"

அது உண்மைதான். அவள் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அப்பாவைச் சுற்றி ஒரு வட்டம் கூடியிருந்தது. உதவிக்கு வந்த வட்டம் இல்லை, தள்ளி நிற்கிற வட்டம். இவ்வளவு கூட்டத்திலும் அவரைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது.

"பண்டிகைன்னா போதும், ஊத்திக்க வேண்டியது," என்றார் ஒருவர். அவர் பெயர் கேசவன் என்று பிற்பாடு தெரிந்தது. கழுத்தைச் சுற்றிப் பஸ்ஸில் தூங்குவதற்கான தலையணையை மாட்டியிருந்தார்.

பக்கத்தில் ரத்தினபாய் என்ற அம்மாள் தன் பெட்டியை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டார். நாகர்கோவில்காரர். இவ்வளவு நேரமும் ஜெரூஷாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர். "பச்சப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துகிட்டு இப்படியா குடிக்கது?" என்று முகத்தைத் திருப்பினார்.

"எங்கப்பா குடிக்கமாட்டார்!" என்று கத்தினாள். குரல் கிழிந்தது. "அவருக்கு சுகர்! சுகர் இருக்கு!"

"சுகரா?" என்றார் கேசவன். அவர் குரல் மாறிவிட்டது. இப்போது எல்லாம் தெரிந்தவரின் குரல். "அப்ப ஏறியிருக்கு. எங்க மச்சானுக்கு இப்படித்தான். பாப்பா, வாயில ஒண்ணும் குடுத்துடாதே. இனிப்பு வாசனைகூடப் படக்கூடாது. நான் நூற்றெட்டுக்குப் போன் போடுறேன்."

போட்டார். பேசினார். "வர்றாங்களாம். ஆனா ரோடு இருக்கிற இருப்புக்கு எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்," என்றார்.

ஜெரூஷா அப்பாவின் போனில் அம்மாவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அம்மா கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் இருப்பாள். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று, ஈரமாக, நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவின் கண் பாதி மூடியிருந்தது. 'இயேசப்பா, அவர் செத்துடக்கூடாது,' என்று மனசுக்குள் சொன்னாள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

எதிரே ஒரு அரசுப் பஸ் வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே கூட்டம் படியை மொய்த்தது.

"ஏறாதீங்க! ஏறாதீங்க! முதல்ல இறங்குறவங்க இறங்கட்டும்!" என்று கண்டக்டர் கூவினார்.

ஒரு தடியான ஆள் இரண்டு கையிலும் மூட்டையோடு பின்பக்கமாக இறங்கினார். ஒரு படி. இன்னொரு படி. தரை வந்தது. மூட்டை மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலைப் பின்னால் வைத்தார். கால்வாய்ப் பள்ளத்தில் இடுப்பளவு போய் நின்றார்.

"யோவ்! இறங்குன்னா எதுவரைக்கும் இறங்குவே?" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் அந்த ஆளை மேலே இழுத்தார்கள்.

ஜெரூஷா சிரிக்கவில்லை. அவள் அந்தப் பள்ளத்தையே பார்த்தாள்.

எதுவரைக்கும் இறங்குவே?

இறங்கணும், இன்னும் இறங்கணும் என்று இத்தனை மாதம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதுவரை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தரை எங்கே இருக்கிறது? அதற்கும் கீழே போனால் என்ன ஆகும்?

அவள் யோசித்தாள். அழுதுகொண்டே யோசித்தாள். அழுகையும் யோசனையும் ஒரே நேரத்தில் முடியும்.

அப்பா காலையில் என்ன சாப்பிட்டார்? கேழ்வரகுக் கஞ்சி. மதியம்? ஒரே ஒரு ரொட்டி. இன்னொன்றை எடுத்தது யார்? அவள்தான். பிறகு? சர்க்கரை போடாத டீ, அதிலும் இரண்டு மடக்கு. ஏறுவதற்கு அவர் வயிற்றில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

ஆனால் மாத்திரை இருக்கிறது. சுகரை இறக்குகிற மாத்திரை. வீட்டிலேயே போட்டுக்கொண்டார். போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே! எப்போதோ கேட்காமல் விட்ட குரல் இப்போது தெளிவாகக் கேட்டது.

சுகர் ஏறவில்லை. பள்ளத்தில் கிடக்கிறது.

பள்ளத்தில் விழுந்தவரை மேலே தூக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் எழுந்து டீக்கடைக்குப் போனாள்.

"அண்ணா, சக்கரை குடுங்க."

பாட்சா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா?"

"சக்கரை. நிறைய. கொஞ்சம் தண்ணியில கலக்கிக் குடுங்க. சீக்கிரம்."

"பைத்தியமா பாப்பா?" கேசவன் குறுக்கே வந்தார். "சுகர்காரருக்கு சக்கரையா? உங்கப்பாவை நீயே கொல்லப் போறியா?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சத்தமாகக் கேட்டார், அவ்வளவுதான்.

"அவர் சாப்பிடல சார்," என்றாள். "மாத்திரை போட்டுட்டார். சாப்பிடல. மத்தியானமும் சரியா சாப்பிடல. நான்தான் குடுக்கல. சாப்பிடாதவருக்கு எப்படி சார் ஏறும்?"

கேசவன் ஒரு அடி ஒதுங்கி நின்றார்.

பாட்சா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "அப்பால எதுனா ஆச்சுன்னா என் கடையில குடுத்ததுன்னு ஆயிடும் பாப்பா..."

"நான்தான் கேட்டேன்னு சொல்லுங்க. நான்தான் குடுத்தேன்னு சொல்லுங்க."

பாட்சா அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு தம்ளரில் கால்வாசி தண்ணீர் ஊற்றினார், சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகக் கொட்டினார், விறுவிறுவென்று கலக்கினார்.

தம்ளரோடு ஜெரூஷா அப்பாவின் அருகே முட்டி போட்டாள். தெருவிளக்கில் அந்தத் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கித் தெரிந்தது. மீசைக்காரரின் குரல் தலைக்குள் ஒலித்தது. அவள் கை நின்றுவிட்டது.

தான் நினைத்தது தப்பாக இருந்தால்?

அப்பாவின் தலை தொங்கியது. "ஆன்ட்டி, தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று ரத்தினபாயைக் கேட்டாள். "சாஞ்சா புரையேறிடும்."

ரத்தினபாய் தன் பெட்டியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்து, அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். "குடு மக்களே," என்றார்.

"அப்பா! கண்ணைத் திறங்க. நான் ஜெரூ. முழுங்குங்கப்பா."

கண் கொஞ்சம் திறந்தது. அவள் ஒரே ஒரு துளி மாதிரி ஊற்றினாள். அவர் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்குகிறார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பாதி அவர் சட்டையில் வழிந்து மடியில் சொட்டியது. தம்ளர் காலியானது.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா அப்படியே இருந்தார். நடுக்கமும் அப்படியே. ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. எல்லோரும் ஜெரூஷாவையே பார்த்தார்கள். அவள் காலித் தம்ளரைப் பார்த்தாள். விஷக் கிண்ணத்தை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

"ஐயோ, தொடையில என்னவோ பிசுபிசுங்குது," என்றார் அப்பா.

குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"அப்பா?"

"ஜெரூ, எதுக்குடா அழறே? பஸ் வந்துடுச்சா?" பிறகு தலையைத் திருப்பினார். முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் தோளில் சாய்ந்திருப்பது புரிந்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "மன்னிக்கணுங்க!"

"பரவால்ல, சாஞ்சுக்கிடுங்க," என்றார் ரத்தினபாய். புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான் மன்னிப்புக் கேக்கணும்."

அப்போது வண்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு ஆம்புலன்ஸ் பைக் வந்தது. அதை ஓட்டிவந்தவர் சட்டையில் ஜாய்சன் என்று எழுதியிருந்தது. இறங்கியதும் அப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சின்னக் கருவியில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"இவருக்கு யார் என்ன குடுத்தது?"

பாட்சா ஜெரூஷாவைப் பார்த்தார். கேசவன் கழுத்துத் தலையணையைச் சரிசெய்தார்.

ஜெரூஷாவுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது.

"நான்தான்," என்றாள். "சக்கரைத் தண்ணி."

"எதுக்குக் குடுத்தே?"

"மாத்திரை போட்டுட்டு சாப்பிடல. அதனால... ரொம்ப இறங்கிடுச்சோன்னு..."

ஜாய்சன் அவள் பக்கம் கருவியைத் திருப்பினார். "அறுபத்தெட்டு. சக்கரை உள்ள போன அப்புறமே இவ்ளோதான். அதுக்கு முன்னாடி எவ்ளோ கீழ இருந்திருக்கும்? நான் வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தா மயக்கம் போட்டிருப்பார். சரியாத்தான் செஞ்சிருக்கே பாப்பா."

ஜெரூஷா தம்ளரைக் கீழே வைத்தாள். விரல்கள் மடங்கியபடியே நின்றன.

"ஆனா இது பத்தாது," என்றார் ஜாய்சன். "சக்கரை சட்டுனு தூக்கும், சட்டுனு கைவிட்டுடும். மாத்திரை இன்னும் உள்ள வேலை செஞ்சிட்டுதான் இருக்கு. வயித்துல நிக்கிற மாதிரி சாப்பாடு வேணும், இப்பவே. என்ன வச்சிருக்கீங்க?"

"கம்பு அடை. முருங்கைக்கீரை போட்டது."

"பிரமாதம். அது மெதுவா கரையும். ரொம்ப நேரம் தாங்கும். குடு, குடு." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "சார், இப்படியே சாப்பிட ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

"சில மாசமாச்சு. நல்லா இறங்கிட்டு வந்தது."

"சாப்பாடு மாறிடுச்சு. மாத்திரை மாறுச்சா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "பழைய அளவுதான்..."

"டாக்டர்கிட்ட போய்க் குறைக்கணும் சார். இன்னிக்குப் பயணம் வேணாம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கறேன். சரியா இருந்தா வீட்டுக்குப் போங்க, ராத்திரி தனியா இருக்காதீங்க. காலையில முதல் வேலையா டாக்டர்."

அந்த நேரம் பார்த்து அவர்கள் பஸ் வந்தது. அப்பா பஸ்ஸைப் பார்த்தார். ஜெரூஷா அப்பாவைப் பார்த்தாள். பஸ் அவர்கள் இல்லாமலே போனது.

"நாளைக்குப் போலாம். கிறிஸ்துமஸ் ஓடிப்போயிடாது," என்றார் அப்பா.

ஜெரூஷா பெரிய பையைக் கவிழ்த்தாள். சட்டைகள், அம்மாவின் புடவை, தம்பிக்கு வாங்கிய பொம்மை லாரி எல்லாம் சாலையோரத்தில் விழுந்தன. ஈரம்தான். ஆகட்டும். அடியில் இருந்த டப்பாவைத் திறந்தாள்.

அப்பா ஒரு அடையை எடுத்தார். தின்றார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது பாதியில் நிறுத்தினார்.

"எடுக்கலாமா போலீஸ்?"

ஜெரூஷா டப்பாவை அப்படியே அவர் மடியில் வைத்தாள்.

போன் அடித்தது. அம்மா. "என்னடி, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? அப்பா கண்டதையும் சாப்பிட்டுட்டாரா?"

"இல்லம்மா. சாப்பிட்டுட்டிருக்கார்," என்றாள் ஜெரூஷா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பா போனை வாங்கி மீதியைச் சொன்னார். சொல்லும்போது பயமுறுத்தும் இடங்களை விட்டுவிட்டார். தொடை பிசுபிசுத்ததை மட்டும் விரிவாகச் சொன்னார்.

ரத்தினபாய் உதறி மடித்துக் கொடுத்த துணிகளைப் பையில் அடுக்கினாள் ஜெரூஷா. ஜாய்சன் இரண்டாவது தடவை விரலில் குத்தினார். இந்தத் தடவை புருவம் சுருங்கவில்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"ராத்திரி தனியா இருக்கக்கூடாதுன்னாரே," என்றாள் ஜெரூஷா.

"டெனிஸ் மாமாவைக் கூப்பிடுறேன். நம்ம வீட்டு ஹாலில படுத்துக்கச் சொல்றேன். கட்டைக் காலை வச்சுக்கிட்டு அவர் இப்பல்லாம் என்னைவிட வேகமா நடக்கிறார், பார்த்தியா?"

ஜெரூஷா பார்த்ததில்லை. அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவள் எதிர்வீட்டுப் பக்கமே பார்த்ததில்லை.

"நீ சாப்பிட்டியாடா?" என்று அப்பா கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்பா நகர்ந்து பையின்மேல் இடம் விட்டார். டப்பாவில் ஒரு அடைதான் மிச்சம். அதை இரண்டாகக் கிழித்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினார்.

அவள் கடித்தாள். ஓரம் முறுகலாக இருந்தது. வெங்காயம் லேசாகக் கருகி இனித்தது. கீரை, மிளகாய், நல்லெண்ணெய் வாசனை. மென்றாள். இன்னொரு கடி கடித்தாள்.

இத்தனை மாதமாக இதையேதான் சாப்பிட்டு வந்தாள். இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.